யாருக்கும் சொல்லாத ஆறு எண்

ஜூன் 24, செவ்வாய்

205-ஆம் அறையில் மேஜையை நகர்த்தியபோது அதன் பின்னால் இந்த டைரி விழுந்து கிடந்தது. 2014-ஆம் வருஷத்து டைரி. முதல் பக்கத்தில் விஜயசங்கர் என்று பெயர் மட்டும் இருக்கிறது. உள்ளே ஒரு எழுத்துக் கிடையாது. பதினோரு வருஷமாக அந்த அறையைப் பெருக்குவது நான்தான் என்பதால் மேனேஜரிடம் இதைக் காட்டவில்லை.

புரட்டிப் பார்த்தால் ஆச்சரியம். கிழமையெல்லாம் இந்த வருஷத்துக்கு அப்படியே ஒத்துவருகிறது. எனக்காகவே காத்துக் கிடந்தது போல.

தனக்குத்தானே பேசினால் பைத்தியம் என்பார்கள். எழுதினால் டைரி என்பார்கள். ஆகவே எழுதுகிறேன். தளவாய், வயது ஐம்பத்திரண்டு, பத்தாம் வகுப்பு (இரண்டாம் தடவையில்), குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். ஐம்பத்திரண்டு வயதில் பாய் என்று கூப்பிடப்படுகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்.

மனைவி ஆனந்தவள்ளியும் மகள் ஸ்ரீதேவியும் மெட்ராஸுக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். மேலகரத்து வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும். நேற்றுக் கைப்பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி நனைத்து ஆட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை தோசைதான்.

ஜூன் 25, புதன்

தோசை.

ஜூன் 29, ஞாயிறு

சாயங்காலம் ஸ்ரீதேவி கூப்பிட்டாள். மாமன் குற்றாலீஸ்வரனின் போனில் இருந்து. அவனுக்கு ஞாயிறு சாயங்காலம் மட்டும்தான் ஓய்வு. மற்ற நாளெல்லாம் காலை ஏழு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு பார்சல் கொடுக்கப் போனால், வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுமாம்.

அவர்கள் போனதற்குக் காரணம் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது, இனிமேல் கவுன்சலிங் முதற்கொண்டு எல்லாம் ஆன்லைன் என்றார்கள். எங்கள் வீட்டில் ஒரு டச் போன் இருந்தது. போன வருஷம் ஐந்தருவியில் அதைச் சட்டைப் பையோடு குளிப்பாட்டியதும் நான்தான். மிஞ்சியது என்னுடைய பட்டன் போன் ஒன்று. தென்காசியில் விண்ணப்பம் போட்டபோது அந்த நம்பரைத்தான் கொடுத்தோம். 'மெட்ராஸ்ல எல்லாமே வேகம். நெட்டெல்லாம் கொழாயத் தொறந்தா வாற மாரி வரும். அம்மாவும் மவளும் போங்க' என்று பெரிய மனுஷனாகச் சொன்னேன். ஆனந்தவள்ளிக்கும் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையலில் வேலை கிடைத்தது.

இன்று கேட்டால்:

"அப்பா, வீட்டுக்குள்ள டவரே கெடையாது. எட்டு மாடி ஏறி மொட்டமாடில நின்னு பேசுதேன். லிஃப்ட்டு ஓடல."

"ஏட்டி, மெட்ராஸ்லயா டவர் இல்ல?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குப்பா. கண்ணாடி பில்டிங்கா நிக்கு. மாமா போன்ல பாத்தா பதினாலு வைஃபை பேரு வருது. பதினாலுலயும் பூட்டுப் படம்."

"ஒயர் இழுத்து வாங்கலாம்லா?"

"மாமா கேட்டாச்சு. நாங்க இருக்க இடத்துப் பேரச் சொன்னதும், அங்க லைன் குடுக்கதில்லன்னு வச்சிட்டானாம்."

ஆற்றோரம் இருந்தவர்களையெல்லாம் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு அது. குற்றாலீஸ்வரனும் அப்படிப் போனவன்தான். ஆயிரக்கணக்கான வீடு. ஒரே ஒரு பிரௌசிங் சென்டர். அதுவும் பஸ் ஏறிப் போகிற தூரத்தில்.

நான் தினமும் ஒவ்வொரு அறைக்கும் வைஃபை பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதைப் பார்சலில் அனுப்ப வழி இருக்கிறதா என்று ரிசப்ஷனில் ஜன்னத்திடம் கேட்டேன். "அண்ணாச்சி, ஒங்கள வச்சிக்கிட்டு..." என்று சிரித்தாள்.

ஜூலை 3, வியாழன்

தென்காசியில் லாட்ஜ் ஊழியர்களுக்கு ஒரு கூட்டம். கல்யாண மண்டபத்தில். போனில் நடக்கிற மோசடி பற்றி. மேனேஜர் மகாதேவன் என்னைப் போகச் சொன்னார். சீசன் நேரத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் நினைத்த ஆள் நான்தான் போல.

பேச வந்தவர் நன்றாகப் பேசினார். ஓடிபி என்று ஆறு எண் வரும், அதைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றார். பிறகு ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். ஒரு பெண் அப்பா அப்பா என்று அழுகிறாள். கேட்டு முடித்ததும், "இது மனுஷக் குரலே இல்லை. கம்ப்யூட்டர் செய்தது. உங்கள் பிள்ளை பெயரைச் சொல்லும். உங்கள் பிள்ளை குரலிலேயே அழும்" என்றார். மண்டபமே கப்சிப்.

வரும்போது 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று ஒரு ஸ்டிக்கர் தந்தார்கள். போனின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 6, ஞாயிறு

மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. குளிக்க வந்தவர்களெல்லாம் அறையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

301-இல் மெட்ராஸ்காரர். "வைஃபை ரொம்ப ஸ்லோ. எப்படித்தான் இருக்கீங்க இந்த ஊர்ல?" மெட்ராஸில் எங்கே என்று கேட்டேன். ரோட்டின் பெயரைச் சொன்னார். அதே ரோடு. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில்தான் வேலையாம்.

"எங்க பிள்ளையும் அங்கனதான் சார் இருக்கா. ஒங்களுக்கு எதுத்தாப்புல."

"எதிர்ல என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நல்ல மனிதர். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

ரேங்க் வந்துவிட்டது. ஸ்ரீதேவி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். எட்டு மாடியாலா, சந்தோஷத்தாலா, தெரியவில்லை. பிசியோதெரபி. திருநெல்வேலியில் நிச்சயம் கிடைக்குமாம், முதலாவதாக அதைப் போட்டு உறுதி செய்துவிட்டால்.

"திருநெல்வேலின்னா வீட்ல இருந்தே போய்ட்டு வரலாம்லாப்பா. காலைல பாசஞ்சர்ல போனா சாயந்திரம் வந்துரலாம்."

"எதுக்குட்டி மெனக்கெட்டு அலையணும்? அங்கனயே ஹாஸ்டல்ல..."

"நீங்க ஒத்தைல கெடக்கீங்கல்லா."

இங்கே டவர் சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்துப் போட வருகிற வெள்ளி, சனி இரண்டு நாள்தான் நேரம். சனி சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். "வெள்ளிக்கெழம போடுவேன்ப்பா. ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். நானே மாமா போன்ல கூப்புட்டுக் கேப்பேன். அன்னைக்கு அந்தப் போனக் கேட்டு வாங்கி வச்சிக்கிடுதேன்" என்றாள். ஜன்னத் லாட்ஜ் கம்ப்யூட்டரிலேயே போட்டுத் தருவாளே என்றேன். "எல்லாச் சர்ட்டிபிகேட்டும் இங்கனதான இருக்கு. எம் படிப்ப நானே போடுதேன்" என்றாள். வீம்பு. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

காலை பாசஞ்சர் ஆறரைக்கு என்றால் ஐந்து மணிக்கு எழுந்து டிபன் கட்ட வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளலாம்.

ஜூலை 18, வெள்ளி

லாட்ஜில் என் போனுக்கு டவர் கிடைப்பது ஒரே இடத்தில். மூன்றாம் மாடிப் பின்படி, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஏதாவது ஒரு சாக்கில் அங்கேயே நின்றேன். சாரலில் சட்டை நனைந்துவிட்டது. இன்றைக்கு அந்தத் தொட்டி மாதிரிச் சுத்தமான தொட்டி ஜில்லாவிலேயே இருக்காது. மூன்று முறை துடைத்தேன்.

மணி அடிக்கவில்லை. எண்ணும் வரவில்லை.

என் உதவி இல்லாமலே முடிந்துவிட்டது போல. மெட்ராஸ் அல்லவா, ஏதாவது வழி இருக்கும். நல்லதுதான். நல்லதுதானே?

ஜூலை 19, சனி, மாலை ஐந்தே முக்கால்

இன்று நான் ஒரு திருடனைத் துரத்திவிட்டேன்.

நாலு பத்துக்குத் தொட்டிப் படியில் இருந்தேன். போனுக்கு இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது, அதில் ஆறு எண். அடுத்த நிமிஷமே தெரியாத நம்பர். ஆண்குரல்.

"சார், ஸ்ரீதேவி ஃபாதரா? நான் ஜோஷ்வா. பிரௌசிங் சென்டர்ல இருந்து பேசறேன். உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க, டைம் இல்ல."

பெயரைச் சொல்லும் என்றாரே, சொன்னதே! எனக்குக் கூட்டத்தில் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"ஏலே, எம் மவ பேரு ஒனக்கு எப்படிலே தெரியும்? ஆள் தெரியாம வந்து மாட்டிக்கிட்ட."

உடனே ஒரு பெண்குரல். விட்டு விட்டு, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. "அப்பா, நான் ஸ்ரீதேவி பேசறேன். ப்ளீஸ்ப்பா, நம்பரச் சொல்லுங்க." அழுகை வேறு.

குரல் அச்சு அசல் அவளேதான். ஆனால் என் மகள் எந்தக் காலத்தில் ப்ளீஸ் சொன்னாள்? அவள் என்றால் 'ஏப்பா, சொல்லுதீங்களா இல்லியா' என்று சத்தம் அல்லவா போடுவாள். குரலைச் செய்த கம்ப்யூட்டருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு செய்யத் தெரியவில்லை. அதில்தான் பிடித்தேன்.

"எம் மவ மாரி அழுதா நான் ஏமாந்துருவனா? போலே கம்ப்யூட்டரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மறுபடி மறுபடி அடித்தது. போனை அணைத்துவிட்டேன். அணைக்கச் சொல்லிக் கூட்டத்தில் சொல்லவில்லை, அது என் சொந்தப் புத்தி. பத்திரத்துக்கு மேனேஜர் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன்.

மகாதேவன் எல்லாரையும் ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டு, "தளவாயப் பாத்துப் படிங்க. நீங்களும்தான் டச் போன் வச்சிருக்கீங்க" என்றார். ஜன்னத் கை தட்டினாள். எனக்கு ஒரு பழம்பொரி, டீ. இந்த லாட்ஜில் இத்தனை வருஷத்தில் முதல் கைதட்டு.

அதே நாள், ஏழு மணி

போனை எடுத்து ஆன் செய்ததும் ஆனந்தவள்ளி கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் போனில் இருந்து.

"ஏங்க... பிள்ள கூப்பிட்டாளாமே."

"எப்போ?"

"நாலு மணிக்கி. நீங்க வஞ்சிட்டு வச்சிட்டீங்களாமே."

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"அஞ்சு மணியோட மூடிட்டான். மொட்டமாடில போயி உக்காந்துகிட்டு வரமாட்டேங்கா. என்னத்தன்னு சொல்லிக் கூப்புட?"

எனக்கும் தெரியல. எனக்கும் தெரியலயே.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் ஆனந்தவள்ளி எல்லாம் சொன்னாள். வெள்ளிக்கிழமை குற்றாலீஸ்வரனுக்கு அவசர வேலை, போனைக் கொண்டுபோய்விட்டான். அவள் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். நான்கு கம்ப்யூட்டர், ஓடுவது இரண்டு. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றிருக்கிறாள். அவளுக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள். அவள் முறை வந்தது மூன்றரைக்கு. எல்லாம் போட்டாள். முதலில் திருநெல்வேலி. கடைசியில் அந்த ஆறு எண். அது இல்லாமல் உறுதியாகாது.

நேற்றுக் காலை ஏழு மணியிலிருந்து சாப்பிடவில்லையாம்.

ஆறு எண் இன்னும் என் போனில் இருக்கிறது. 481906. எழுதிவிட்டேன். இப்போது யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவள் ஏன் அப்படிப் பேசினாள் என்று ஆனந்தவள்ளியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இங்கன எல்லாரும் இவ பேச்சக் கேட்டுச் சிரிக்காங்கன்னு மாத்திக்கிட்டா. ஒங்ககிட்ட மட்டுந்தான் ஊர்ப் பேச்சு. அந்தக் கடைல அத்தன பேருக்கு முன்னாடி எப்படிப் பேசுவா?"

ஞாயிறு சாயங்காலம் முழுக்கப் போனைக் கையில் வைத்திருந்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 23, புதன்

ஜன்னத்திடம் சொல்லிவிட்டேன். கை தட்டியவள் அல்லவா, அவளுக்குத் தெரியத்தான் வேண்டும்.

"அண்ணாச்சி, அந்த மெசேஜ எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாமே. யாரு அனுப்புனதுன்னு அதுலயே போட்டிருக்கும். நான் கீழதான இருந்தேன்."

ஆமாம். ஐம்பத்தாறு படி. இறங்கிப் போய் ஒரு தடவை காட்டியிருக்கலாம். 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று ஒட்டிக்கொண்டு அலைந்தவன் யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஸ்டிக்கரைப் பிய்த்தேன். பாதிதான் வந்தது. 'மாட்டேன்' மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆனந்தவள்ளி பேசினாள். பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குளித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாம் சுற்றில் ஸ்ரீதேவிக்கு இடம் கிடைத்துவிட்டது. திருநெல்வேலி நிரம்பிப்போனது. மெட்ராஸிலேயே ஒரு கல்லூரி. நாலரை வருஷம். ஹாஸ்டல்.

இந்தத் தடவை எண் எனக்கு வரவில்லை. "ஜோஷ்வா நம்பரக் குடுத்துட்டா. அவன் கடைலயே இருக்கான்லா, ஒடனே சொல்லிருவான்" என்றாள் ஆனந்தவள்ளி. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவனைத்தான் முதலில் ஏலே என்றேன். அன்று கடையை மூடிய பிறகு அவன்தான் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டானாம்.

"அவ இருக்காளா?"

"குளிச்சிட்டு..."

"சரி, சரி."

குற்றாலத்துக்கு இத்தனை வருஷமாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். யாரும் இவ்வளவு குளித்ததில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சீசன் முடிந்தது. அருவியில் நூலளவு தண்ணீர். மூன்றாம் மாடியைப் பூட்டிவிட்டார்கள். சாவியைக் கேட்டு வாங்கித் தொட்டிப் படிக்கு ஒரு நடை போய் வந்தேன். எதற்கு என்று மகாதேவன் கேட்கவில்லை.

ஜன்னத் ஓய்வு நேரத்தில் எனக்கு இங்கிலீஷ் செய்தி வாசிக்கச் சொல்லித் தருகிறாள். அனுப்பியது யார் என்பது மேலே இருக்கும், எண் நடுவில் இருக்கும், எதற்கு என்பது கடைசியில் இருக்கும். மூன்று இடம். இவ்வளவுதான் விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இதற்கு எனக்கு ஒரு டீ நேரம் போதுமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஸ்ரீதேவியை ஹாஸ்டலில் சேர்த்தாயிற்று. அங்கே வைஃபை உண்டாம், பூட்டு இல்லாதது. கல்லூரியில் ஒரு பழைய டச் போனும் கொடுத்திருக்கிறார்கள், இல்லாத பிள்ளைகளுக்காக. இனிமேல் அவள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் என்றால், கூப்பிடாமல் இருப்பதும் எப்போது வேண்டுமானாலும்தான்.

ஆனந்தவள்ளி அங்கேயே வேலையில் இருக்கிறாள். பிள்ளையை வாரம் ஒருமுறை பார்க்கலாம் என்று. அதுவும் சரிதான்.

ஒரு ஆளுக்கு அரிசி நனைக்கக் கை பழகிவிட்டது. ஒரு உழக்கு. மிச்சம் விழுவதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒன்றும் இல்லை. மழையும் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

மத்தியானம் இரண்டு மணிக்குப் போனில் ஒரு செய்தி. உடனே தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. நான் வாசல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எப்போதாவது ஒரு கோடு டவர் எட்டிப்பார்க்கும், பேச நிற்காது. துணியைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினேன். படியில் ஒரு செருப்புக் கழன்றது. தொட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அடித்தது.

"அப்பா, நான் பேசறேன். ஒரு ஓடிபி வந்திருக்கும்..."

"வந்துட்டு. ஏழு, மூணு, மூணு, பூஜ்யம், ரெண்டு, எட்டு."

"மெதுவாப்பா."

"ஏழு. மூணு. மூணு. பூஜ்யம். ரெண்டு. எட்டு."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம். பிறகு, "ஆயிடுச்சு" என்றாள். உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"சரிப்பா. கிளாஸ் இருக்கு. வெச்சிடறேன்."

"சரி தாயி."

வைத்த பிறகுதான் கவனித்தேன். யார் பேசுவது என்று நான் கேட்கவே இல்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. மெட்ராஸ் பேச்சுத்தான் பேசினாள். அது அவள் என்று எனக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கும் தெரிந்ததுதான்.

ஜன்னத் சொல்லித் தந்தபடி படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். மேலே ஹாஸ்டலின் பெயர். வெளியே போகப் பெற்றோர் அனுமதி. ஆனந்தவள்ளிக்கும் இப்போது ஒரு போன் இருக்கிறது. அங்கேயே பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறாள். ஆனாலும் பிள்ளை என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள்.

நடுவில் எண். கடைசியில், பூஜை லீவு, மூன்று நாள். அப்புறம் போகிற ஊர். அந்தச் சொல்லுக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. தினமும் பஸ் போர்டில் பார்க்கிறதுதான். TENKASI.

கீழே வந்து மகாதேவனிடம் லீவு சொன்னேன். கடையில் உளுந்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பானையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

மூன்று பேருக்குத் தெரியும். ஒருவனுக்குத் தெரியும். இரண்டு பேருக்கு எத்தனை உழக்கு?